சிரிப்பு நின்றுபோகும் இடம்

குத்துச்சண்டையை வைத்துச் சிரிப்பு மூட்டுவது மௌனப்படக் காலத்தில் இலகுவான காரியமாயிருந்தது. மெலிந்த ஒருவனை மேடையேற்றி, எதிரே ஒரு பயில்வானை நிறுத்தினாற் போதும். சார்ளி சப்ளின் 'சிட்டி லைட்ஸ்' (1931) படத்தில் அதை நடனமாகவே ஆக்கினார். நடுவரின் பின்னால் ஒளிந்து ஒளிந்து அவர் குத்தும்போது எவருக்கும் வலிப்பதாக நமக்குத் தோன்றுவதில்லை. அதற்கு ஐந்தாண்டுகள் முன்னர் பஸ்டர் கீட்டன் நெறியாள்கை செய்து நடித்த 'பட்லிங் பட்லர்' (1926) வேறு வழியிற் செல்கிறது.

செல்வந்தர் வீட்டுப் பிள்ளை அல்பிரட் பட்லர். எதனையும் வேலைக்காரனே செய்து கொடுக்கவேண்டும். காதலைச் சொல்வதற்கும் அவன்தான் போகிறான். பெண் வீட்டார் மாப்பிள்ளையை நோஞ்சான் என்று தள்ளிவிட, அதே பெயருடைய குத்துச்சண்டை வீரர் இவர்தான் என்று வேலைக்காரன் அவிழ்த்துவிடும் பொய்தான் படம்.

கீட்டன் கமெராவைத் தள்ளி வைப்பவர். முழு உடலும் சூழலும் ஒரே சட்டகத்துள் இருக்கும். வேட்டைக்குப் போனவனைச் சுற்றி விலங்குகள் திரிய, அவன் ஒன்றையும் காணாதிருப்பதை நாம் ஒருங்கே பார்க்கிறோம். முகத்தில் சலனமில்லை. சிரியுங்கள் என்று அவர் நம்மைக் கேட்பதேயில்லை.

ஆனால் இறுதிச் சண்டை மேடையில் நடப்பதில்லை. உடைமாற்றும் அறையில் நடக்கிறது. மூலமான மேடை நாடகத்தில் இல்லாத இம்முடிவைக் கீட்டனே சேர்த்தார். உண்மையான வீரன் அவனை அடிக்கிறான். அந்த அடியில் நகைச்சுவை கிடையாது. மனைவி பார்த்து நிற்பதைக் கண்டதும் அவன் திருப்பி அடிக்கிறான். எதிராளி தளர்ந்த பின்னரும் கை ஓயவில்லை.

இம்முடிவு படத்தோடு ஒட்டவில்லை என்போர் உளர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாடசாலை மைதானத்தில் இரு பையன்கள் அடித்துக்கொண்டால் சுற்றி நிற்போர் சிரிப்பார்கள். ஒருவன் மூக்கில் இரத்தம் கண்டதும் சிரிப்பு நின்றுவிடும். அதுவரை எதைப் பார்த்துச் சிரித்தோம் என்ற கூச்சம் அப்போதுதான் வரும். கீட்டன் நமக்குத் தருவது அந்தக் கூச்சத்தைத்தான்.

கோழை முஷ்டியால்தான் ஆணாகிறான் என்று படம் சொல்லிவிடுகிறதோ என்ற ஐயம் எனக்கும் எழுந்ததுண்டு. ஆனால் வென்றவன் முதலில் செய்வது, தான் குத்துச்சண்டைக்காரனல்ல என்று மனைவியிடம் ஒப்புக்கொள்வதே. அவளோ அதைக் கேட்டு மகிழ்கிறாள். வேலைக்காரனை அனுப்பாமல் அவனே வாய்திறந்து சொன்ன அந்த உண்மை, அவன் விட்ட குத்துகளைவிடக் கனமானது.