ஆடையற்ற உலகங்கள்: விஞ்ஞானப் புனைகதையில் நிர்வாணமும் நோக்கும்

விஞ்ஞானப் புனைகதை எழுதப் புகும் ஆசிரியன், தான் படைக்கும் புதிய உலகத்து மாந்தர் எதை உண்பர், எவ்வாறு ஆளப்படுவர் என்பவற்றோடு எதை உடுப்பர் என்பதையும் தீர்மானிக்க வேண்டியவனாகின்றான். இத்தீர்மானம் அற்பமானதன்று. சமூக நாவலாசிரியனுக்குத் தன் பாத்திரங்களின் உடையை வரலாறே தைத்துக் கொடுத்துவிடுகின்றது. விஞ்ஞானப் புனைகதையாசிரியனோ வெற்றுடலிலிருந்து தொடங்குகின்றான். அவ்வுடலை வெற்றுடலாகவே விட்டுவிடத் துணிந்தோரும் இவ்விலக்கியத்தில் உளர். ஆயின் இத்தகைய நாவல்களை நோக்குவோர் பெரும்பாலும் இரண்டிலொன்றைச் செய்கின்றனர்: ஆபாசம் என ஒதுக்குகின்றனர், அல்லது விடுதலை எனக் கொண்டாடுகின்றனர். இரண்டுமே நூலை வாசிக்காமலிருப்பதற்கான வழிகள்.

எட்கார் றைஸ் பரோஸ் எழுதி 1912 இல் தொடர்கதையாக வெளிவந்து, 1917 இல் நூலுருப் பெற்ற ‘செவ்வாயின் இளவரசி’ இதற்கு எளிய உதாரணம். அந்நாவலின் செவ்வாய்க் கிரகத்தில் எவரும் ஆடை அணிவதில்லை; அணிகலன்களும் படைக்கலம் தாங்கும் வார்களுமே அவர்தம் உடைமை. கதாநாயகனான ஜோன் கார்ட்டரும் ஆடையின்றியே அங்கு போய்ச் சேருகின்றான். ஆனால் அவன் அமெரிக்கத் தென்மாநிலப் படையின் முன்னாள் அதிகாரி. பெண்டிர் மாட்டு அவன் கைக்கொள்ளும் வீரமரியாதை முழுவதும் அங்கிருந்தே வருகின்றது. இளவரசி நகையணிந்த வெற்றுடலுடன் தோன்றினும் நடத்தப்படுவது கஞ்சியிட்ட பாவாடைக் காலத்துச் சீமாட்டியாகவே. ஆடை களையப்பட்டதேயன்றி அவ்வாடைக்குரிய சமுதாயம் களையப்படவில்லை. வாசகன் கண்ணுக்கு விருந்து, ஒழுக்கத்துக்குப் பங்கமில்லை. பின்வந்த மலிவுப் பதிப்பு நாவல்கள் பல இச்சூத்திரத்தையே பின்பற்றின. அவற்றைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை.

ஆடையின்றி வாழ்தலை ஒரு கொள்கையாகவே கொண்ட இயக்கம் பரோஸின் காலத்துக்குச் சற்று முற்பட்டது. ஜேர்மனியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இஃது உடல்நலம், சூரியவொளி, நகர வாழ்வின் மீதான வெறுப்பு ஆகியவற்றோடு பிணைந்து வளர்ந்தது; 1933 இல் நாசிகள் ஆட்சிக்கு வந்ததும் அடக்குமுறைக்கு உள்ளாயிற்று. இயக்கத்தின் முதற் சங்கம் என அறியப்படுவது ஐரோப்பாவிலன்றி நம் அயலிலேயே தோன்றியது என்பது பலர் அறியாத செய்தி. 1891 இல் பம்பாயை அடுத்த தாணாவில், ஆங்கிலேய நீதிபதி ஒருவர் மூவரே உறுப்பினராயிருந்த நிர்வாணச் சங்கமொன்றை நிறுவினார். அதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன்னர், 1859 இல், அதே துணைக்கண்டத்தின் தென்கோடியில், திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளில், சாணார் குலத்துப் பெண்கள் தம் மார்பை மறைத்துக்கொள்ளும் உரிமைக்கான நெடும் போராட்டத்தில் அரச பிரகடனமொன்றைப் பெற்றிருந்தனர். ஆள்பவனுக்கு ஆடையைக் களைதல் ஓய்வுநேர விடுதலை. ஆளப்படுபவளுக்கு ஆடையை அணிதலே விடுதலை. தோள்சீலைப் போராட்டத்தை அறிந்த வாசகன் ‘ஆடையே அடிமைத்தனம்’ என்னும் வாக்கியத்தை எந்த நாவலிற் கண்டாலும் சற்று நின்றே மேற்செல்வான். உடல் மூடப்பட்டதா, திறக்கப்பட்டதா என்பதிலும், அதனை மூடவும் திறக்கவும் காணவும் உரிமை எவர் கையில் உள்ளது என்பதே இந்நாவல்களிடம் கேட்கவேண்டிய வினா.

இவ்வினாவை எச். ஜி. வெல்ஸின் ‘கடவுளரை ஒத்த மனிதர்’ (1923) என்னும் நாவல் கேட்பதாகத் தோன்றி, கேளாமலே நழுவிவிடுகின்றது. ஆங்கிலேயர் சிலர் தம் மோட்டார் வாகனங்களோடு திடீரென வேறோர் உலகத்துட் புகுந்துவிடுகின்றனர். அவ்வுலகத்தார் ஆடையற்றவராகவோ மிகச் சிற்றாடையினராகவோ திரிகின்றனர். வந்தவருள் ஒருவரான பாதிரியார் அமேர்ட்டன் இவர்தம் ஒழுக்கம் கண்டு கொதித்தெழுகின்றார். அவரை நகைப்புக்கு இடமாக்குவதில் வெல்ஸ் பெரும் உற்சாகம் காட்டுகின்றார்; அந்நகைச்சுவை இன்றும் சுவை குன்றவில்லை. ஆயினும் அவ்வுலகில் ஆடையின்மை எவ்வாறு இயலுமாயிற்று? நோய்க்கிருமிகளும் தீங்குசெய் பூச்சிகளும் திட்டமிட்டு ஒழிக்கப்பட்டுள்ளன. (நுளம்புள்ள நாட்டில் வாழ்வோர் இம்முன்னேற்பாட்டின் அவசியத்தை எளிதில் உணர்வர்.) சனத்தொகை 25 கோடியாகக் குறைக்கப்பட்டுள்ளது. சோம்பலும் குறைபாடும் உடைய மனித வகைகள் தலைமுறை தலைமுறையாகக் களையெடுக்கப்பட்டுள்ளன. எஞ்சியோர் யாவரும் கிரேக்கச் சிலைகளை ஒத்தவர்கள். வெட்கம் அவ்வுலகிலிருந்து நீங்கியமைக்குக் காரணம் மனம் மாறியமை அன்று. வெட்கப்படக்கூடிய உடல்கள் பிறவாதபடி செய்யப்பட்டமையே. வெல்ஸ் இதனைச் சாதனையாகவே கருதினார். பின்வந்த வரலாற்றை அறிந்த வாசகனுக்கு அவ்வழகிய உடல்களின் நடுவே ஒரு குளிர் வீசும்.

இதற்கு நேரெதிரானது ருஷிய எழுத்தாளர் சமியாத்தின் 1920-21 இல் எழுதிய ‘நாம்’. அது முதலில் 1924 இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. தாய்நாட்டில் வெளிவர 1988 வரை காத்திருக்க நேர்ந்தது. அந்நாவலின் அரசில் எல்லோருக்கும் ஒரே சீருடை. வீட்டுச் சுவர்கள் கண்ணாடியாலானவை. இளஞ்சிவப்புச் சீட்டுப் பெற்று உறவுகொள்ளும் மணிநேரத்தில் மட்டுமே திரையை இறக்கலாம். உடல் மூடியிருக்க, வாழ்வு அம்மணமாக நிற்கின்றது. இங்கு கலகக்காரியான ஐ-330 தன் எதிர்ப்பை ஆடை களைந்து காட்டவில்லை. பழங்கால மஞ்சள் நிற உடையொன்றை அணிந்து காட்டுகின்றாள். பசுஞ்சுவருக்கு அப்பால் வாழ்வோரோ ஆடையின்றி, உடலெங்கும் உரோமம் அடர்ந்தவராய் உள்ளனர். ஒரே நாவலில் ஆடை அணிதலும் அணியாமையும் விடுதலையின் குறிகளாதல் முரண்பாடன்று. அரசு விதித்ததை மறுத்தலே இரண்டுக்கும் பொது.

சமயப் பற்றுள்ள ஆசிரியரொருவரே நிர்வாணத்தை மிகக் கண்ணியமாகக் கையாண்டவர் என்பது வியப்புக்குரியது. சி. எஸ். லூயிஸின் ‘பெரலாண்ட்றா’ (1943) வெள்ளிக் கிரகத்தில் நிகழ்வது. றான்சம் என்னும் மொழியியலறிஞன் சவப்பெட்டி போன்றதொரு பேழையில் ஆடையின்றி அனுப்பப்படுகின்றான். பயணத்தில் வெயில் ஒருபுறமே பட்டதால் அவன் உடலின் ஒருபாதி கறுத்தும் மறுபாதி வெளிறியும் இருக்கின்றது. வெள்ளியின் ஆதித்தாயான பச்சை நிறப் பெண் அவனைக் கண்டு சிரித்து, இருநிறத்தான் எனப் பெயரிடுகின்றாள். இக்காட்சி கூர்ந்து நோக்கத்தக்கது. வேற்றுலகத்துக்குச் செல்லும் நாவல்களில் வந்தவனே காண்பவன், அவ்வுலகத்தாள் காணப்படுபவள். இங்கு காணப்படுபவன் வந்தவனே. நகைப்புக்குரிய உடல் அவனுடையது. அவளும் ஆடையற்றவளே ஆயினும் அவள் உடலை அங்கம் அங்கமாக வருணிக்கும் ஆசையை லூயிஸ் அடக்கிக்கொள்கின்றார். அவ்வடக்கத்தினாலேயே அவளுடைய மாசின்மை நம்பத்தக்கதாகின்றது.

பின்னர்த் தீமை வருகின்றது. வெஸ்ற்றன் என்னும் விஞ்ஞானியின் உடலுட் புகுந்த அத்தீய சக்தி அவளைக் கெடுக்க மேற்கொள்ளும் வழிகளில் ஒன்று, இறகுகளாலான மேலாடையை அணியக் கற்பித்தல். அடுத்தது சிறியதொரு கண்ணாடியை அவள் கையிற் கொடுத்தல். தன் முகத்தை முதன்முதலாகக் கண்ட அவள் மகிழவில்லை, அஞ்சுகின்றாள். தன்னை வெளியே நின்று நோக்கும் இன்னொருத்தி தன்னுள் உண்டாகிவிட்டாள் என்னும் அச்சம் அது. ஆடை உடலை மறைப்பதால் தீயதாகவில்லை. உடலைக் காட்சிப்பொருளாக்குவதால் தீயதாகின்றது. லூயிஸின் இறையியலை ஏற்காதவரும் இவ்வுளவியல் நுட்பத்தை மறுத்தல் அரிது. ஆயினும் லூயிஸ் இம்மாசின்மையை வெள்ளிக்கே உரியதாக்கிவிடுகின்றார். பூமியில் ஏதேன் தோட்டத்துக் கதவு மூடப்பட்டுவிட்டது. நிர்வாணச் சங்கங்களால் அதனைத் திறக்க இயலாது என்பதே அவர் கட்சி.

அக்கதவைத் திறந்துவிடலாம் என மனமார நம்பியவர் அமெரிக்கரான றொபேட் ஹைன்லைன். அவர் தம் வாழ்விலும் ஆடையற்ற வாழ்க்கைக் கொள்கையில் ஈடுபாடு கொண்டிருந்தவர். அவருடைய ‘பாவையாட்டிகள்’ (1951) அக்கொள்கையைப் பிரசாரம் செய்யவில்லை. அதனினும் சாதுரியமாக, அதனைத் தேசப் பாதுகாப்பாக்கிவிடுகின்றது. சனிக்கிரகத்தின் தைத்தன் என்னும் துணைக்கோளிலிருந்து வந்த அட்டை போன்ற உயிர்கள் மனிதரின் முதுகில் ஒட்டிக்கொண்டு அவர்தம் சிந்தையை ஆள்கின்றன. உடையின் கீழ் அட்டை உண்டா இல்லையா என்பதை அறிவது எங்ஙனம்? முதலில் அனைவரும் முதுகைத் திறந்து காட்டவேண்டும் என அரசு கட்டளையிடுகின்றது. பின்னர் ஏறக்குறைய உடல் முழுவதையும். ஒட்டுண்ணிகள் ஒளிய உடலில் வேறிடங்களும் உண்டு எனத் தெரிந்ததும் எஞ்சிய துணியும் ஐயத்துக்குரியதாகின்றது. உடையணிந்து வீதியில் வருபவனே இனிக் குற்றவாளி. மானம் என்னும் தமிழ்ச்சொல் உடையாற் காக்கப்படுவதையும் ஒருவனது கௌரவத்தையும் ஒருசேரக் குறிப்பது. இந்நாவலின் அமெரிக்காவில் மானமுடையவன் உடையற்றவனே.

ஹைன்லைன் இதனை மிகுந்த நகைச்சுவையோடும் விறுவிறுப்போடும் சொல்லிச் செல்கின்றார். வாசகன் இரண்டொரு நாளில் அக்கோலத்துக்குப் பழகிவிடுகின்றான். அவ்வாறு பழக்கிவிடுவதே ஆசிரியரின் உள்நோக்கம் என்பதில் ஐயமில்லை. வெட்கம் வெறும் பழக்கமே என நிறுவுவதில் அவர் வெற்றியும் பெறுகின்றார். ஆனால் நிறுவப்பட்டது அஃதொன்று மட்டுமன்று. மக்காத்தியின் வேட்டை நடந்துகொண்டிருந்த காலத்தில் எழுதப்பட்ட இந்நாவல் ஒட்டுண்ணிகளின் ஆட்சியையும் சோவியத் ஆட்சியையும் வெளிப்படையாகவே ஒப்பிடுகின்றது. குடிமகன் தன்னிடம் மறைப்பதற்கு எதுவுமில்லை என்பதைக் கணந்தோறும் உடலாலே நிரூபிக்கவேண்டிய நாட்டை, தனிமனித சுதந்திரத்தைப் போற்றிய ஆசிரியரே படைத்து, அதில் யாதொரு குறையும் காணாது விட்டுச்செல்கின்றார். சமியாத்தினின் கண்ணாடிச் சுவரும் ஹைன்லைனின் திறந்த முதுகும் ஒன்றையே செய்கின்றன. முன்னதை ஆசிரியர் அஞ்சுகின்றார், பின்னதை ஆசிரியர் ஆமோதிக்கின்றார். நாவலின் மூலப்பிரதியைப் பதிப்பாசிரியர்கள் வெகுவாக வெட்டியே வெளியிட்டனர் என்பதும், முழு வடிவம் ஆசிரியர் மறைந்தபின் 1990 இலேயே வெளிவந்தது என்பதும் குறிப்பிடத்தக்கன. ஆடையை அகற்றும் கதைக்கும் அக்காலம் ஓர் ஆடையை அணிவித்தே அனுப்பியது.

பத்தாண்டுகளின் பின்னர் வந்த ‘அந்நிய நாட்டில் ஓர் அந்நியன்’ (1961) பிரசாரத்தை மறைக்கவில்லை. செவ்வாயில் வளர்ந்த மைக்கல் சிமித் என்னும் இளைஞனுக்கு வெட்கம் என்பது விளங்கவே இல்லை. அவன் நிறுவும் சகோதர சமுதாயத்தில் ஆடையின்மை இயல்பாகின்றது. 1962 இல் ஹியூகோ விருது பெற்ற இந்நாவல் அத்தசாப்தத்து இளைஞர் பலருக்கு வேதம்போல ஆனது. இதன் குறையை எடுத்துக்காட்ட ஒரு பகுதி போதும். ஜில் என்னும் தாதி லாஸ் வேகாஸில் மேடை அழகியாகத் தொழில் புரிகையில், பலர் தன்னை நோக்குவது தனக்கு இன்பமளிப்பதைக் கண்டறிகின்றாள். அதுவே அவளுடைய விடுதலையாகக் கூறப்படுகின்றது. லூயிஸின் பச்சை நிறப் பெண் கண்ணாடியில் எதனைக் கண்டு அஞ்சினாளோ அதனையே ஜில் கண்டு மகிழ்கின்றாள். நோக்குபவர் எவர், அவர்கள் காசு கொடுத்து வந்தவர்களா என்பன போன்ற வினாக்களுக்கு அங்கு இடமில்லை. இந்நோக்கு ஹைன்லைனுக்கு மட்டும் உரியதன்று. இலங்கையை வாழிடமாகக் கொண்டிருந்த ஆதர் சி. கிளார்க்கின் ‘ராமாவுடன் ஒரு சந்திப்பு’ (1973) நாவலிலும், எடையற்ற விண்கலத்தில் பெண் ஊழியரின் மார்பு அசைவது ஆடவரின் கவனத்தைக் குலைக்கும் எனக் கப்பற்றலைவன் எண்ணுமிடம் உண்டு. அப்பெண்கள் உடையணிந்தவர்களே. நோக்கு மாறாதவிடத்து உடையிருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன?

இந்நாவல்களின் ஆடையற்ற உலகங்களைத் தொடர்ந்து வாசிப்போர் காணும் பெருங்குறை ஒன்றுண்டு. அங்கு முதியோர் உடல் இல்லை. பிள்ளை பெற்றுத் தளர்ந்த வயிறு இல்லை. உழைத்துக் கூனிய முதுகு இல்லை. அல்டஸ் ஹக்ஸ்லியின் ‘துணிவுமிகு புதிய உலகம்’ (1932) இதனை நன்கு அறிந்திருந்தது. இளமை குன்றாத உடல்களிடையே வளர்ந்த லெனினா, செவ்விந்தியர் வாழும் ஒதுக்கிடத்தில், ஏறக்குறைய ஆடையின்றி ஏணியில் மெல்ல இறங்கிவரும் கிழவனைக் கண்டு திகைக்கின்றாள். அவள் திகைத்தது ஆடையின்மையாலன்று. ஆடைகளைதல் அவளுக்குச் சர்வசாதாரணம். முதுமையை அவள் கண்டதில்லை. ஹைன்லைனின் மேற்கூறிய நாவலிலும் முதிய உடல் ஒன்று உண்டு. ஒரு காலத்தில் அழகியாயிருந்த கிழவியின் உருவத்தை வடித்த றொடானின் சிற்பத்தை விளக்கும் ஜூபல் என்னும் பாத்திரம், அவ்வாடிய உடலுள் இளம்பெண்ணொருத்தி சிறைப்பட்டிருப்பதைக் காணுமாறு கூறுகின்றது. நாவலின் மிகச்சிறந்த பகுதி அதுவே. எனினும் கிழவி வெண்கலத்தில் இருக்கின்றாள்; அச்சகோதர சமுதாயத்தின் நீச்சற்குளத்தருகே அவள் இல்லை.

ஜோர்ஜ் ஓர்வெலின் ‘1984’ (1949) நிர்வாணத்தின் இரு முகங்களையும் ஒரே மனிதனின் வாழ்வில் வைத்துக் காட்டுகின்றது. வின்ஸ்ரன் தன் கனவில் ஒரு பெண் ஆடையைக் கழற்றி வீசக் காண்கின்றான். அவ்வொரு செயலே கட்சியின் முழு அதிகாரத்தையும் இல்லாமற் செய்வதாக அவனுக்குத் தோன்றுகின்றது. பின்னர் ஜூலியா அதனை நனவாக்குகின்றாள். இறுதியில் சித்திரவதைக் கூடத்தில், ஓபிரையன் கட்டளைப்படி ஆடை களைந்து கண்ணாடி முன் நின்று, எலும்புக்கூடாகிவிட்ட தன் உடலைக் கண்டு அவன் அழுகின்றான். இரு நிர்வாணங்களுக்கும் இடையில், நிர்வாணம் அல்லாத காட்சி ஒன்று வருகின்றது. வாடகை அறையின் சாளரத்தினூடாக, முற்றத்தில் துணி உலர்த்தும் தொழிலாள வர்க்கத்துப் பெண்ணொருத்தியை அவன் நோக்குகின்றான். ஐம்பது வயது மதிக்கத்தக்கவள். பல பிள்ளைகளைப் பெற்றுப் பருத்தவள். பாடிக்கொண்டே வேலை செய்பவள். அவள் அழகி என்பது அன்றுதான் அவனுக்குத் தெரியவருகின்றது. மேலே கூறிய எந்த உலகத்திலும் ஆடையற்ற எந்த உடலும் பெறாத மதிப்பை, உடுத்த உடையோடு நிற்கும் அச்சலவைக்காரியின் உடல் பெறுகின்றது. அவன் அவளை அவ்வாறு நோக்கிக்கொண்டிருக்கையில், சுவரிலுள்ள படத்தின் பின்னால் மறைத்துவைக்கப்பட்ட தொலைத்திரை அவனை நோக்கிக்கொண்டிருக்கின்றது.