மேரி ஆன் ஹாப்ஸும் கிராய்டன் இசையும்

மேரி ஆன் ஹாப்ஸ் (பிறப்பு 1964) இங்கிலாந்தின் வானொலி அறிவிப்பாளர். பிபிசி ரேடியோ 1 நிலையத்தில் அவர் நடத்திய 'பிரீஸ்பிளாக்' என்னும் இரவு நிகழ்ச்சி, ஸ்க்ரீம் என்ற புனைபெயர் கொண்ட ஆலிவர் ஜோன்ஸ் (பிறப்பு 1986) முதலிய மின்னணு இசைக் கலைஞர்களை லண்டனுக்கு வெளியே கொண்டு சென்றது. ஓர் அறிவிப்பாளரின் ஆதரவு என்பது உண்மையில் என்ன என்று அறிய இது நல்ல சான்று.

ஸ்க்ரீமின் இசை கிராய்டனில் உருவானது. சென்னைக்குத் தாம்பரம் எப்படியோ, லண்டனுக்குக் கிராய்டன் அப்படி: தெற்கே, ரயில் பாதையில், தனி ஊராக இருந்து மாநகரோடு ஒட்டிக்கொண்ட இடம். அங்கிருந்த 'பிக் ஆப்பிள்' இசைத்தட்டுக் கடையில் ஸ்க்ரீம் பதின்பருவத்திலேயே வேலை பார்த்தார். வீட்டுக் கணினியில் 'ஃப்ரூட்டி லூப்ஸ்' மென்பொருளைக் கொண்டு இசையமைத்தார். அக்கடையைச் சுற்றி வளர்ந்த இசைவகைதான் டப்ஸ்டெப். நிமிடத்துக்கு ஏறத்தாழ 140 துடிப்புகள் கொண்டது. ஆனாலும் தாளத்தில் இடைவெளி மிகுதி என்பதால் மெதுவாக நடப்பதுபோல் தோன்றும். இதன் உயிர் அடித்தொனியில் இருக்கிறது. சிறிய டிரான்சிஸ்டரிலோ கைப்பேசியிலோ அந்தத் தொனி பெரும்பாலும் காதுக்கு எட்டாது. அப்படிப்பட்ட இசையை வானொலி பரப்பியது வேடிக்கைதான்.

2006 ஜனவரியில் ஹாப்ஸ் 'டப்ஸ்டெப் வார்ஸ்' என்ற 2 மணி நேர நிகழ்ச்சியை ஒலிபரப்பினார். மாலா, ஸ்க்ரீம், கோட்9, ஹாட்சா, லோஃபா முதலியோர் நிலையத்துக்கே வந்து, ஒருவர்பின் ஒருவராகத் தத்தம் இசையைத் தாங்களே கோத்து வழங்கினர். ஹாப்ஸின் பேச்சில் புகழ்மொழி சற்று அதிகம்தான். ஆனால் இசை ஒலிக்கும்போது அவர் ஒதுங்கிக்கொண்டார். அந்த ஒலிப்பதிவு இணையத்தில் கைமாறிப் பல நாடுகளுக்குச் சென்றது.

ஹாப்ஸ்தான் ஸ்க்ரீமைக் கண்டுபிடித்தார் என்று சொல்வது மிகை. ஸ்க்ரீமின் 'மிட்நைட் ரிக்வெஸ்ட் லைன்' 2005இலேயே வெளிவந்துவிட்டது. அன்று உரிமமின்றி இயங்கிய ரின்ஸ் எஃப்எம் நிலையம் இவ்விசையை முன்பே ஒலிபரப்பி வந்தது. ஹாப்ஸ் செய்தது வேறு. ஒருமுறை ஒலிபரப்பியதோடு அவர் விட்டுவிடவில்லை. அதே ஆண்டில் 'வாரியர் டப்ஸ்' என்ற தொகுப்பை வெளியிட்டார். 2007இல் பார்சிலோனாவின் சோனார் விழா மேடைக்கு ஸ்க்ரீமை அழைத்துச் சென்றார். இந்தத் தொடர்ச்சியே ஆதரவு. முதல் ஒலிபரப்பு அறிமுகம் மட்டுமே. ஹாப்ஸ் சிறுவயதில் ஜான் பீலின் நிகழ்ச்சியைக் கேட்டு வளர்ந்தவர். பீல் 1967 முதல் 2004இல் இறக்கும்வரை அதே நிலையத்தில் புதியவர்களுக்கு இடம் கொடுத்தவர். பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது தெரிகிறது.

இந்தியாவில் இதற்கு எதிர்ச்சான்று உண்டு. மும்பைக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982இல் 'டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்ற இசைத்தட்டில் பத்து ராகங்களை மின்னணுக் கருவிகளில் வாசித்தார். அதன் சில பகுதிகள் வானொலியிலும் ஒலித்தன. ஆனால் தட்டு விற்கவில்லை; விரைவில் மறக்கப்பட்டது. 2010இல் அதை மறுவெளியீடு செய்தவர் நெதர்லாந்தைச் சேர்ந்த ஓர் இசைத்தட்டுச் சேகரிப்பாளர். சிங் 2015இல் மறைந்தார். இடைப்பட்ட 28 ஆண்டுகளில் எந்த அறிவிப்பாளராவது அதை விடாமல் ஒலிபரப்பியிருந்தால் கதை மாறியிருக்கக்கூடும்.

தமிழில் மின்னணு இசை திரைப்படத்தின் வழியாகவே வந்தது. 'புன்னகை மன்னன்' (1986) படத்தில் இளையராஜா கணினியைப் பயன்படுத்தியது அன்று பெரிதாகப் பேசப்பட்டது. அந்த இசைக்குப் படமே விளம்பரம். அறிவிப்பாளரின் துணை தேவைப்படவில்லை. இன்றும் சென்னையின் தனியார் பண்பலை நிலையங்களில் பெரும்பகுதி திரைப்பாடல்களே. குரோம்பேட்டையிலோ வண்டலூரிலோ மடிக்கணினியில் இசையமைக்கும் இளைஞருக்குப் படம் இல்லையென்றால் அங்கே இடம் கிடைப்பது அரிது. அவருக்கு மிஞ்சுவது சமுதாய வானொலி. அதன் ஆற்றல் 100 வாட். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தொலைவுக்குக் கேட்கும். 2006ஆம் ஆண்டின் நடுவண் அரசு வழிகாட்டு நெறிகளின்படி, சமுதாய வானொலி நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்களின் பங்கேற்புடன் உருவாக வேண்டும். வேளாண்மையும் உடல்நலமும் மட்டும்தான் அந்தப் பாதியில் வரவேண்டும் என்று விதி ஏதுமில்லை.