சுருக்கத்தின் வாரிசுகள்

தமிழில் சிறுவர் நாவல் ஏன் வளரவில்லை என்ற கேள்விக்கு வழக்கமாக இரண்டு பதில்கள் சொல்லப்படுகின்றன. எழுத்தாளன் அதை இரண்டாந்தர வேலையாக நினைக்கிறான் என்பது ஒன்று. பதிப்பாளனுக்குக் காசு தேறுவதில்லை என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டும் வெளிக் காரணங்கள். நம் சிறுவர் நாவல் மேலைநாட்டு நாவல்களைப் பார்த்து எழுதப்பட்டது என்று குறை சொல்கிறோம். அப்படி எழுதப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அது அவற்றின் சுருக்கங்களைப் பார்த்து எழுதப்பட்டது என்பதுதான் என் கட்சி.

இந்தச் சுருக்கத்திற்கு ஒரு பூர்வோத்திரம் உண்டு. 1920களில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்த மைக்கேல் வெஸ்ட், வங்காளப் பிள்ளைகள் ஆங்கிலம் வாசிக்கத் திணறுவதைக் கண்டு ஒரு முறை வகுத்தார். அடிக்கடி புழங்கும் சொற்களைக் கணக்கெடுத்து, அவற்றிற்குள்ளேயே நின்று கதை சொல்லும் வாசகங்களைத் தயாரித்தார். இந்த வழியில்தான் டீஃபோவும் ஸ்டீவன்ஸனும் டிக்கன்ஸும் எண்ணிய சொற்களுக்குள் அடக்கப்பட்டு நம் பள்ளிகளுக்கு 'நான்-டீடெய்ல்' ஆக வந்து சேர்ந்தார்கள். அந்நிய மொழி பயிற்றும் கருவி என்ற அளவில் இதில் குற்றமில்லை. நடை பழகுகிறவனுக்கு நடைவண்டி வேண்டும்.

விபரீதம் பிறகு நேர்ந்தது. தமிழ்த் துணைப்பாடமும், 'சிறுவர்களுக்காக' என்று தழுவப்பட்ட உலக நாவல்களும் அதே அளவுகோலை எடுத்துக்கொண்டன. பன்னிரண்டு வயதுத் தமிழ்ப் பையனுக்குத் தமிழ்ச் சொல்லில் என்ன பஞ்சம்? ஆற்றங்கரையில் அவன் ஏசவும் கெஞ்சவும் கையாளும் சொற்களில் பாதி எந்தத் துணைப்பாடத்திலும் கிடையாது. ஓடுகிறவனைக் கூப்பிட்டு நடைவண்டியில் நிறுத்திவிட்டோம். போதாததற்குத் தேர்வுத்தாளில் 'கதையைச் சுருக்கி வரைக' என்று ஒரு கேள்வி. ஏற்கனவே சுருக்கியதை அவன் மறுபடி சுருக்குகிறான். மிஞ்சுவது ஒரு கப்பல், ஒரு புயல், ஒரு தீவு, ஒரு மீட்பு. இதைத்தான் நாம் சாகசம் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம்.

1719இல் வெளிவந்த 'ராபின்ஸன் க்ரூஸோ'வை எடுத்துக்கொள்வோம். அது சிறுவர்களுக்காக எழுதப்பட்டதல்ல. இருபத்தெட்டு வருஷத் தீவு வாழ்க்கையில் புயலும் நரமாமிசக்காரர்களும் வருவது கொஞ்ச நேரமே. மற்றதெல்லாம் வேலை. மண் தேடி, பிசைந்து, வெயிலில் வெடித்து, சரிந்து, இரண்டு மாத உழைப்பில் அவனுக்குக் கிடைப்பது ஜாடி என்று சொல்லக் கூசும் இரண்டு அவலட்சணங்கள். காருக்குறிச்சியில் சக்கரம் சுற்றுவதைப் பார்த்த பையன் இந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசிப்பான். சுருக்கத்தில் இது 'பாத்திரங்களும் செய்துகொண்டான்' என்று ஒரு வாக்கியம். டீஃபோ அந்தத் தீவைக் கண்டவரல்ல. ஆனால் டில்பரியில் செங்கல், ஓட்டுச் சூளை நடத்தியவர். 1692இல் கடனில் மூழ்கித் திவாலானவர். சூளையின் சூடும் கடன்காரனின் பயமும் அவருக்குத் தெரியும். க்ரூஸோ தன் கதியைத் தீமை, நன்மை என்று இரண்டு பத்திகளில் பற்று வரவு போல எழுதிப் பார்க்கும் பக்கத்தை, நாளெல்லாம் பேரேட்டின் முன் உட்கார்ந்திருக்கும் என்னால் சுலபமாகத் தாண்ட முடிவதில்லை.

இன்னொன்று, இதைவிட முக்கியமானது. உடைந்த கப்பலில் பணத்தைக் கண்டதும் க்ரூஸோ அதைப் பயனற்ற குப்பை என்று திட்டுகிறான். பிறகு யோசித்து, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டும் போகிறான். சுருக்கங்களில் பெரும்பாலும் திட்டு இருக்கும், நீதி ஆயிற்றே, மூட்டை இருக்காது. தன்னோடு அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த ஸூரி என்ற பையனை அவன் போர்த்துக்கீசியக் கப்பல் தலைவனிடம் அறுபது வெள்ளிக்கு விற்றதும், அடிமைகளைப் பிடித்துவரப் போன பயணத்தில்தான் அவன் கப்பல் உடைந்தது என்பதும் கத்தரிக்கு முதல் பலி. 'சிறுவர்களுக்கு வேண்டாம்' என்று நீக்கியது காமத்தை அல்ல, சரித்திரத்தை.

1883இல் நூலான ஸ்டீவன்ஸனின் 'புதையல் தீவு' சிறுவர்களுக்கென்றே எழுதப்பட்டது. அதில் ஒற்றைக்கால் ஸில்வர் ஊன்றுகோலை எறிந்து ஒருவனை வீழ்த்திக் கொல்வதைப் பையன் ஒளிந்திருந்து பார்க்கிறான். அதே ஸில்வர் பின்னால் அவனுக்காகத் தன் ஆட்களையே எதிர்த்து நிற்கிறான். கடைசியில் ஒரு மூட்டைப் பணத்தோடு ஓடிவிடுகிறான், தண்டனை கிடையாது. இவனை வெறுப்பதா நேசிப்பதா என்று பையனுக்குத் தெரியவில்லை. தெரியாமலேயே விடுகிற தைரியம் ஸ்டீவன்ஸனுக்கு இருந்தது. சுருக்குகிறவருக்கு இடமில்லை, அவர் 'கொடியவன் ஸில்வர்' என்று அடைமொழி போட்டு முடித்துவிடுகிறார்.

இப்படி எலும்பாகிவிட்ட நூல்களை வாசித்து வளர்ந்தவர்கள் எழுத வந்தபோது எலும்பையே எழுதினார்கள். தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் குடித்தபடி எந்தெந்த நாட்டுக்கோ போகிறார். ஊரின் பெயர் வருகிறது, ஊர் வருவதில்லை. மொழி ஓட்டம் கைவந்த வாண்டுமாமாவிடம்கூட அடுத்த ஆபத்துக்கு ஓடும் அவசரத்தில் கைகள் எதையும் தொட்டுப் பார்ப்பதில்லை. காடு என்றால் புலி, புதைகுழி, பூசாரி. ஆழ்வார்குறிச்சியிலிருந்து மேற்கே பார்த்தால் மலை. மழைக்காலத்தில் அதன் உட்காட்டில் ஒரு நாள் நடந்தவன் புலியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அட்டையைப் பற்றியும், காலில் தேய்த்த புகையிலையைப் பற்றியும்தான் பேசுவான். அந்த அட்டை நம் கதைக் காட்டில் இல்லை. 1972இல் சிவகாசியிலிருந்து புறப்பட்ட முத்து காமிக்ஸின் கணக்கு வேறு. அங்கே பொருள்களைப் படம் சுமக்கிறது. மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும் என்பது நினைவில் நிற்பது அந்த ஸ்தூலத்தால்தான்.

சுருக்கம் ஒரு வாசல், ருசி கண்டவன் பிறகு மூலத்திற்குப் போவான் என்பார்கள். ஆங்கிலம் படித்த வீட்டுப் பிள்ளைக்கு அது வாசலாக இருக்கலாம். தமிழ் மட்டும் தெரிந்தவனுக்கு வாசலுக்குப் பின்னால் வீடு இல்லை. முழுமையான தமிழாக்கம் அவன் கிளை நூலகத்து அலமாரியில் அபூர்வம். அவனுக்கு நீளம் தாங்காது என்பதும் பொய். பரீஸ் பொலெவோயின் 'உண்மை மனிதனின் கதை' பூ. சோமசுந்தரத்தின் தமிழில் மலிவு விலையில் கிடைத்த காலத்தில் பள்ளிப் பையன்களே அதை வாசித்தார்கள். கால் நொறுங்கிய விமானி பனிக்காட்டில் நாள் நாளாகத் தவழ்கிறான். எறும்பும் முள்ளெலியும் தின்கிறான். அந்தத் தவழலை யாரும் சுருக்கவில்லை. யாரும் அலுத்துக்கொள்ளவும் இல்லை. 1991இல் சோவியத் யூனியனோடு அந்தப் புத்தக வரத்தும் நின்றது. அதன் இடத்தை நிரப்ப நாம் ஒன்றும் செய்யவில்லை.

சொந்தமாக நம்மால் ஆகாது என்பதும் இல்லை. கி. ராஜநாராயணனின் 'பிஞ்சுகள்' இருக்கிறது. பறவை முட்டைகளைத் தேடித் திரியும் ஒரு கரிசல்காட்டுச் சிறுவன். வில்லன் கிடையாது, புதையல் கிடையாது. எந்தப் பறவை எங்கே முட்டையிடும் என்று தெரிந்துகொள்வதே அங்கே சாகசம். டீஃபோவின் மண்பாத்திரத்திற்கு நேர் உறவு அது. அதைப் பாராட்டினோம், பரிசு கொடுத்தோம். அந்த வழியில் நடந்தவர்கள் சொற்பம்.

எனவே முதல் வேலை புதிதாக எழுதுவதுகூட அல்ல. நாலைந்து நாவல்களையாவது கத்தரி போடாமல், வட்டாரப் பேச்சுக்கு அஞ்சாமல், முழுசாகத் தமிழில் கொண்டுவர வேண்டும். மண்பானையையும் பணமூட்டையையும், ஸூரியை விற்ற அறுபது வெள்ளியையும் சேர்த்து. கணக்கை அந்தப் பையன் பார்த்துக்கொள்வான்.