கற்கண்டு போல வளரும் படிகம்

பெருந்துறையில் உரக்கடைக்குப் போய் '0-52-34' என்று கேட்டால் ஒரு வெள்ளை உப்புப் பையை எடுத்துக் கொடுப்பார்கள். சொட்டுநீரோடு தோட்டத்துக்குப் போகும் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் அது. அதையே சுத்தமான தரத்தில் வாங்கி, காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, நைலான் நூலில் ஒரு விதைப்படிகத்தைக் கட்டித் தொங்கவிட்டால், கற்கண்டு மாதிரி நூலைப் பற்றிக்கொண்டு வளரும். இந்த ஊர்க் காற்று வறண்டது; காசநோய் சானடோரியம் இங்கே வந்ததே அதற்காகத்தானே! தண்ணீர் சீக்கிரம் ஆவியாகிவிடும். ஆகவே பீக்கரின் வாயைத் தாளால் கட்டி, குண்டூசியால் நாலைந்து துளை மட்டும் போட வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே பால்போல் கலங்கிவிடும். வாரக்கணக்கில் பொறுத்திருந்தால் நாலு பட்டையும் கூரைபோல் முனையுமாக, தண்ணீரையே செதுக்கி வைத்தது போல ஒரு துண்டு கைக்கு வரும்.

எனக்கு அதைவிட ஆசை, அதற்குள் நடப்பதைக் கேட்பதில். இரண்டு ஆக்சிஜன்களுக்கு நடுவே ஹைட்ரஜன் இங்கும் அங்கும் தாவிக்கொண்டே இருக்கும். மைனஸ் 150 டிகிரி வாக்கில் எல்லாம் ஒழுங்காக ஒரு பக்கம் உட்கார்ந்துவிடும்; இதுதான் நிலைமாற்றம். அதைச் சொல்வது அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு, ஆஸ்பத்திரி எம்ஆர்ஐ ஸ்கேனின் அதே தத்துவம். ரேடியோ அலையால் ஒரு தட்டு; பிறகு கோயில் மணி ஓய்வதுபோல் தேய்ந்து அடங்கும் சைகை. டியூட்டீரியம் சேர்த்து வளர்த்த படிகத்தில் இது இன்னும் அழகு. சைகையின் நிறமாலையில் ஒன்றாக நின்ற கோடு, நிலைமாற்றத்தைத் தாண்டிக் குளிர்ந்ததும் இரண்டாகப் பிரிகிறது. ஹைட்ரஜனைவிட இருமடங்கு கனமான அந்த அணு வந்ததுமே, நிலைமாற்றம் ஏறத்தாழ 100 டிகிரி மேலேயே நடந்துவிடுகிறது.