நாற்று எங்கே போயிற்று?

‘ரோஜா’ (1992) படத்துக்கு வைரமுத்து எழுதி, ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்து, மின்மினி பாடிய ‘சின்னச் சின்ன ஆசை’ தன் விருப்பப்படி வாழ நினைக்கும் பெண்ணின் பாட்டு. அரபு அணியிலக்கணத்தார் எட்டாததை விரும்புதலைத் ‘தமன்னீ’ என்றும், கிட்டக்கூடியதை எதிர்பார்த்தலைத் ‘தரஜ்ஜீ’ என்றும் பிரிப்பர். நிலவைத் தொடுவது முன்னது. சேற்றில் இறங்கி நாற்று நடுவது பின்னது. (நடவுக்குக் குனிந்து முதுகொடியும் எம் தஞ்சைப் பெண்டிர் இவ்வாசையைக் கேட்டால் நகைப்பர், அது வேறு.)

பி.கே. மிஸ்ரா எழுதிய இந்தி வடிவத்தையும் மின்மினியே பாடினார், மெட்டும் அதுவே. உலகையே முடிந்துகொள்ளும் ஆசை அங்கும் உண்டு. நாற்றோ இல்லை. தமிழில் மீனைப் பிடித்து மீண்டும் ஆற்றில் விடுபவள், இந்தியில் தானே மீனாய்த் துள்ள விழைகிறாள். பிடிப்பதும் விடுவதும் தன் கையிலிருந்த அப்பெண்ணை அங்கே யாம் காணவில்லை.