எளிய குறிமொழியும் அதன் பரிவாரமும்

கையெழுத்துப் படியின் ஓரத்திலே 'இது தலைப்பு, இது தடித்த எழுத்து' என ஆசிரியர் வரைந்தனுப்பும் குறிப்பே அச்சுக்கோப்பாளருக்கு ஆணையாகும். 1930ஆம் ஆண்டில் தோன்றிய வீரகேசரி பல்லாண்டுகள் அச்சேறிய கிராண்ட்பாஸ் வீதியிலும் பிறவிடத்து அச்சகங்களிலும் ஈயவெழுத்துக் காலத்து வழக்கம் இதுவே. கணினியுலகம் இவ்வழக்கைத் தழுவிக் குறிமொழிகளை வகுத்துக்கொண்டது. அவற்றுள் 1998ஆம் ஆண்டு பெப்ரவரியில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு வெளியிட்ட எக்ஸ்எம்எல் எளிமைக்குப் பேர்பெற்றது. 1986இல் சர்வதேச நியமமாகிய எஸ்ஜிஎம்எல் என்னும் பெருமொழியின் கிளைகளைத் தறித்து ஆக்கப்பட்டது அது.

அதன் இலக்கணம் சுருங்கியது. ஒரு பகுதியின் தொடக்கத்திலே அதன் பெயரைக் கோணவடைப்புள் இடுதல் வேண்டும். முடிவிலே சாய்கோட்டுடன் அப்பெயரை மீள இடுதல் வேண்டும். உள்ளே திறந்தது உள்ளேயே மூடப்படல் வேண்டும். இதனை மாணவன் ஒரு பிற்பகலிற் கற்றுவிடலாம். பெயர்கள் ஆங்கிலமாதல் வேண்டுமென்ற நியதியுமில்லை. 'வெண்பா', 'அடி', 'சீர்' எனத் தமிழிலேயே குறியிட முதல் நாள்தொட்டே இடமிருந்தது. தமிழ் மின்னூல்கள் பலவும் ஒருங்குறிக்கு வாராத அக்காலத்தில் இது சிறு கொடையன்று.

ஆயின் அரசனைக் காணச் சென்றவன் பரிவாரத்துள் அகப்பட்டதுபோலாயிற்று பின்வந்த நிலை. 1999இல் பெயர்வெளி விதிகளும் உருமாற்றத்துக்குரிய எக்ஸ்எஸ்எல்டியும் வந்தன. 2001இல் எக்ஸ்எம்எல் ஸ்கீமா மூன்று பாகங்களாய் வந்தது. இவற்றுட் பின்னது குறைகூறத் தக்கது. அடிப்படைத் தரவுவகை பத்தொன்பதனை அது வரையறுக்கிறது. அவற்றுள் ஒன்றாகிய திகதியோ கிரெகோரியன் முறையில் எழுதினாலன்றி ஏற்கப்படாது. பழைய தமிழ் நூல்களின் முகப்பிற் காணும் 'விரோதி வருடம் ஐப்பசி மாதம்' அதன் கண்ணுக்குத் திகதியே அன்று! வணிகரின் பற்றுச்சீட்டை நினைந்து செய்த அளவுகோல் புலவர் ஏட்டுக்குப் பொருந்தாமை வியப்பன்று. அதே 2001இல் ஜேம்ஸ் கிளார்க்கும் முராட்டா மக்கொட்டோவும் வகுத்த ரிலாக்ஸ் என்ஜி அதே பணியை இலகுவாய்ச் செய்தமையால், அப்பாரம் தவிர்க்கக்கூடியதே என்பது வெளிப்படை.

எனினும், பழி முழுவதையும் பரிவாரத்தின்மேற் சுமத்துதல் நீதியாகாது. வெண்பாவில் வகையுளி உண்டு: ஒரு சொல்லின் முற்பகுதி ஒரு சீரிலும் பிற்பகுதி அடுத்த சீரிலும் நிற்கும். சீருக்கும் சொல்லுக்கும் ஒருங்கே குறியிடப் புகின், சீரினுள் திறந்த சொல் அச்சீரினுள் மூடப்படாது. எக்ஸ்எம்எல் அதனை மறுத்துவிடும். புணர்ச்சி இன்னும் இடர் செய்வது. 'நூலுண்டு' என்புழி லகரமெய் முதற்சொல்லுக்கும் உகரவுயிர் வருசொல்லுக்கும் உரியன. 'லு' என்னும் ஓரெழுத்தின் நடுவே குறியை நாட்டினால் உயிர்க்குறி தனித்து நின்று எழுத்தே சிதையும். எளிய விதி ஏற்க மறுத்த சிக்கல் அழிந்துபோவதில்லை, வேறிடத்திற் குடியேறுகிறது. எக்ஸ்எம்எல்லின் பதிப்பாசிரியர் மூவருள் ஒருவராகிய ஸ்பேர்பேர்க்-மெக்குயின், இலக்கியப் பனுவல்களுக்குக் குறிவகுக்கும் டிஈஐ முயற்சிக்கும் ஆசிரியராயிருந்தவர். அம்முயற்சியின் நெறிநூல் 500க்கு மேற்பட்ட குறிகளைக் கொண்டது. ஒன்றையொன்று குறுக்கிடும் அமைப்புகளுக்கென ஓர் அதிகாரமே அதில் உண்டு. அவ்வதிகாரம் ஆடம்பரமன்று, தேவை.

1998இல் தொடங்கிய மதுரை மின்தொகுப்புத் திட்டம் தமிழ் நூல்களை வலைப்பக்கங்களாகவும் பிடிஎப் கோப்புகளாகவும் அளித்தது. 2005இல் எழுந்த நூலகம் எண்ணிம நூலகம் பெரும்பாலும் பக்கங்களின் படங்களையே காத்துவருகிறது. இவற்றுக்கு மேலாக யாப்பையும் உரையையும் பாடபேதத்தையும் பிரித்தறியும் பதிப்பொன்றைச் செய்யப் புகுவோர் முன்னே இரு வழிகளே உள. அடிவரை குறியிட்டு நிறுத்தின், பரிவாரமெல்லாம் மறைந்த பின்னும் அக்கோப்பை எவரும் வெறுங்கண்ணாற் படிக்கலாம். சீரும் சொல்லும் வேண்டின், குறிகளை மூலத்தினின்று வேறாக்கிச் சுட்டிகளாற் பிணைத்தல் வேண்டும். அப்போது அவற்றை இயைத்துக் காட்டும் கருவி இல்லாதவருக்கு எஞ்சுவது குறியற்ற மூலமும் பொருள்விளங்கா எண்வரிசையுமே.