பேசாத ஞாயிறு

டோல்கின் மறைந்தபின் 1977இல் வெளிவந்த ‘சில்மரில்லியன்’ காட்டும் கற்பனையுலகில், ஞாயிற்றைச் செலுத்துபவள் அரியென் என்னும் தீயியல்புடைய தெய்வமகள். திங்களைச் செலுத்துபவன் டிலியன். கதிரவனை ஆணாகவே கண்டு பழகிய நமக்கு இது வியப்பே. ஆயின், அவர் ஆக்ஸ்போர்டில் கற்பித்த பழைய ஆங்கிலத்தில் ஞாயிறு பெண்பாற்சொல்; திங்கள் ஆண்பாற்சொல். இலக்கணப் பாலுக்கு இங்ஙனம் உயிரூட்டியமை கண்டு மொழியாசிரியர் எவரும் மகிழ்வர்.

திங்களைத் தாக்கத் துணிந்த கொடியோன் மோர்கோத், அரியெனை அணுகவும் அஞ்சினான். அத்துணை ஆற்றலுடையாள் அந்நூலில் ஒரு சொல்லேனும் பேசுகின்றாளில்லை. அவளுக்குக் கோயிலின்மை குறையன்று. இம்மௌனமே என்னை உறுத்துகின்றது. டிலியன் தன் பணியைத் தானே வேண்டிப் பெற்றான். அவளையோ, வெம்மைக்கு அஞ்சாதவள் என்று தேவர் தேர்ந்தனர். அவள் விழைந்தாளா என்பதை ஆசிரியர் எழுதினாரல்லர்.